எண்ணெயும் தண்ணீரும்: லாரி எஞ்சின் சூடு தணிவது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத விரும்புவோர் தலைப்பைச் சொல்லலாம் என்று எங்கள் தமிழ் அம்மா கேட்டபோது, ஒருத்தி “நிலவு” என்றாள். இன்னொருத்தி “நான் விரும்பும் தலைவர்” என்றாள். நான் எழுந்து, “லாரி எஞ்சின்” என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. “பெண் பிள்ளைக்கு லாரி எஞ்சின் எதற்கடி?” என்று பக்கத்தில் இருந்தவள் கிள்ளினாள். தமிழ் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எழுது. ஆனால் எனக்கும் புரியும்படி எழுது” என்றார்கள். அதனால்தான் இக்கட்டுரை.

அன்புத் தோழியரே! என் தந்தை லாரி ஓட்டுநர். எங்கள் ஊர் சங்ககிரி. லாரி சொந்த லாரிதான். ஆனால் கடன் இன்னும் முடியாத பழைய லாரி. எங்கள் வீட்டு அரிசியும் என் பள்ளிக் கட்டணமும் அந்த லாரி ஓடினால்தான் உண்டு. கடந்த கோடை விடுமுறையில் மைசூர் பார்க்க ஆசைப்பட்டு அப்பாவோடு அந்த லாரியில் புறப்பட்டேன். மைசூர் போய்ச் சேரவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்பினேன்.

திம்பம் மலைப்பாதையில் ஒரு பகல்

சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி கடந்ததும் திம்பம் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் லாரியில் 200 மூட்டை சிமெண்ட் இருந்தது. மூட்டைக்கு 50 கிலோ என்றால் 10 டன். அப்பா முதல் கியரையும் இரண்டாம் கியரையும் விட்டு மேலே போகவே இல்லை. லாரி ஆமைபோல் ஏறியது. எஞ்சினோ சிங்கம்போல் உறுமியது.

பாதி வளைவுகளைக் கடந்திருப்போம். அப்பாவின் கண் அடிக்கடி ஒரு சிறு முள்ளின் மேல் போவதைக் கண்டேன். அது எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள். எப்போதும் நடுவில் நிற்பது, மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவில் சற்று அகலமான இடம் கிடைத்ததும் அப்பா லாரியை ஓரம் கட்டினார். “கட்டை போடுடா!” என்று கத்தினார். கிளீனர் அண்ணன் குதித்து ஓடிப் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்.

அப்பா எஞ்சினை உடனே நிறுத்தவில்லை. பாரம் இழுக்காமல் சும்மா ஓடவிட்டு, சில நிமிடம் கழித்தே நிறுத்தினார். அதற்குள் கிளீனர் அண்ணன் ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாம் என்பது அவர் எண்ணம்.

“கைய வெக்காதடா!” என்று அப்பா போட்ட சத்தத்தில் நான் நடுங்கிவிட்டேன். இறங்கி வந்து தம் சட்டைக் கையை மடக்கி அவருக்குக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுருங்கிப்போன தோல். அந்தத் தழும்பை நான் பிறந்தது முதல் பார்த்திருக்கிறேன். அது எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. “உன்ற வயசுல நானும் கிளீனர்தான். இதே மாதிரிதான் தொறந்தேன்” என்றார் அப்பா.

எஞ்சின் ஆறும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த மரநிழலில் உட்கார்ந்திருந்தோம். “ஏனுங்கப்பா, எஞ்சினுக்குள்ளே தண்ணி எதுக்கு?” என்று நான் கேட்டேன். அப்பா சொன்னதையும், ஊர் திரும்பியபின் பட்டறையில் கண்டதையும், நம் இயற்பியல் பாடத்தில் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

எரியும் அடுப்பைச் சுமக்கும் எஞ்சின்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சிலிண்டருக்குள் இழுத்து, பிஸ்டன் அதை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கிய காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அதே தத்துவந்தான். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது.

பற்றிய நொடியில் அந்த வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி அளவுக்குப் போகிறது. பல எஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும்! அப்படியானால் பிஸ்டன் ஏன் உருகுவதில்லை? ஒவ்வொரு எரிதலும் ஒரு கணமே நீடிக்கிறது என்பது ஒரு காரணம். உலோகத்தில் ஏறும் வெப்பத்தை ஓயாமல் யாரோ சுமந்துகொண்டு போகிறார்கள் என்பதே முக்கியமான காரணம். அந்தச் சுமைகூலிகள் இருவர்: ஒருவர் தண்ணீர், மற்றவர் எண்ணெய்.

டீசலில் உள்ள ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. நல்ல லாரி எஞ்சினில்கூட ஏறத்தாழ 40 விழுக்காடே வேலையாக மாறுகிறது. ஒரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும் பங்கு எஞ்சின் உலோகத்தில் வெப்பமாக இறங்குகிறது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். மலை ஏறும் எஞ்சின் 100 கிலோவாட் திறனைத் தருவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதியளவு, அதாவது 50 கிலோவாட் வெப்பம் தண்ணீருக்குள் போகிறது என்று குறைத்தே கொள்வோம். வீட்டில் குளிக்க வெந்நீர் போடும் 2 கிலோவாட் மின்சாதனங்கள் 25 ஒரே நேரத்தில் ஓடுவதற்கு இது சமம். லாரியில் 20 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கொண்டால், அதை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 20 × 4.2 × 70 = 5,880 கிலோஜூல் தேவை. அதை 50 ஆல் வகுத்தால் 118 வினாடி. வெப்பத்தை வெளியே கொட்ட வழி இல்லாவிட்டால் இரண்டே நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். வியப்பாக இல்லையா?

தண்ணீரின் பயணம்

சிலிண்டர்களைச் சுற்றிலும் எஞ்சின் வார்ப்பின் உள்ளேயே தண்ணீர் ஓடும் வழிகள் உண்டு. சட்டை போட்டதுபோல் சிலிண்டரைத் தண்ணீர் சூழ்ந்து நிற்பதால் இதை வாட்டர் ஜாக்கெட் என்கிறார்கள். பெல்ட்டாலோ பல்சக்கரத்தாலோ சுழலும் வாட்டர் பம்ப், நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேலாகத் தண்ணீரை இதற்குள் தள்ளுகிறது. தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி, மேலே உள்ள சிலிண்டர் ஹெட்டுக்குள் ஏறுகிறது. எஞ்சினில் சூடு மிகுந்த இடங்களில் ஒன்று அதுதான்.

அங்கிருந்து வெளியேறும் வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். அவர் பெயர் தெர்மோஸ்டாட். அவருக்குள் ஒரு சிறு குப்பி, குப்பிக்குள் மெழுகு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு இறுகியிருக்கும், வாசலும் மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் மீண்டும் எஞ்சினுக்கே திரும்பும். ஏறத்தாழ 80 டிகிரி வந்ததும் மெழுகு உருகிப் பருக்கும். பருக்கும் மெழுகு ஒரு தண்டைத் தள்ளும், வாசல் திறக்கும். மின்சாரமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு துண்டு மெழுகு இத்தனை பெரிய எஞ்சினுக்கு வாயில் காக்கிறது!

“நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?” என்று சிலர் இந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது தவறு. எஞ்சினுக்கு அதிகச் சூடும் ஆகாது, அதிகக் குளிர்ச்சியும் ஆகாது. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுமையாக எரியாது. எண்ணெய் கெட்டியாக நிற்கும். உராய்ந்து தேய்வது மிகும். சூட்டைக் குறைப்பது மட்டும் இந்த அமைப்பின் வேலை அன்று. அளவான சூட்டில் நிறுத்துவதே அதன் வேலை.

வாசலைக் கடந்த வெந்நீர் ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டர் என்பது மெல்லிய குழாய்கள் பலவற்றை வரிசையாக நிறுத்தி, இடையிடையே உலோக மடிப்புகளை ஒட்டியது. ஒரு குவளைத் தேநீரைத் தட்டில் ஊற்றினால் விரைவில் ஆறுகிறதல்லவா? பரப்பு கூடினால் வெப்பம் விரைந்து வெளியேறும். அதற்காகத்தான் இத்தனை குழாய், இத்தனை மடிப்பு.

சமவெளியில் லாரி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். மலைப்பாதையில் நிலைமை வேறு. வேகம் இல்லை, எனவே காற்றும் இல்லை. ஆனால் எஞ்சின் உழைப்போ உச்சத்தில் இருக்கும். அப்போது ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் விசிறிதான் கைகொடுக்கும். விசிறி பெல்ட் தளர்ந்தாலும், ரேடியேட்டர் மடிப்புகளில் தூசும் பூச்சிகளும் அடைந்தாலும் மலையில்தான் குட்டு வெளிப்படும்.

மூடிக்குள் இருக்கும் ரகசியம்

இப்போது அந்த மூடிக்கு வருவோம். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமும் ரேடியேட்டர் மூடியின் தத்துவமும் ஒன்றே. மூடிக்குள் ஒரு வில்கம்பி இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்வரை அது திறக்காது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஒரு மடங்கு கூடுதலாக உள்ளே அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 120 டிகிரி வரை தாங்கும். இது மலையில் இன்னும் தேவை. ஏனெனில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏறும்போதெல்லாம் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது.

சரி, 110 டிகிரியில் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும் தண்ணீரின் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். அழுத்தம் போனதும் அந்தத் தண்ணீர் அதே நொடியில் பொங்கும். கொதிநீரும் ஆவியுமாக ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடிக்கும். கையில் சுற்றிய துணி அதைத் தடுக்காது. என் தந்தையின் கை அதற்குச் சாட்சி. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது என்று அன்று அப்பா சொன்னார்.

புது லாரிகளில் மூடி ரேடியேட்டர் மேல் இல்லாமல் தனியான ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் மேல் இருக்கும். காரிலும் பெரும்பாலும் அப்படித்தான். மூடி எங்கே இருந்தாலும் விதி ஒன்றே: சூடாக இருக்கும்போது தொடவே கூடாது.

எண்ணெயின் பங்கு

“சரிங்கப்பா, தண்ணிதான் எல்லாச் சூட்டையும் எடுத்துடுதே. அப்புறம் ஆயில் கூலர் எதுக்கு?” என்று கேட்டேன். அப்பா சிரித்தார். “தண்ணி போக முடியாத எடம் எஞ்சினுக்குள்ள நெறைய இருக்குது கண்ணு” என்றார்.

உண்மைதான். மேலும் கீழும் பாயும் பிஸ்டனுக்குள் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளிலும் தண்ணீர் பட்டால் அவை கெட்டுப்போகும். அங்கெல்லாம் எண்ணெய்தான் போகிறது. எஞ்சினின் அடியில் உள்ள சேம்பரிலிருந்து பம்ப் எண்ணெயை உறிஞ்சி, ஆயில் கூலர் வழியாகவும் வடிகட்டி வழியாகவும் அனுப்புகிறது. அந்த எண்ணெய் பேரிங்குகளுக்குள் தலைமுடியைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய படலமாகப் பரவி, இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கிறது. பல எஞ்சின்களில் பிஸ்டனின் அடிப்புறத்தில் எண்ணெயைப் பீய்ச்சியடிக்கச் சிறு குழல்களும் உண்டு. பிஸ்டன் தலையில் ஏறிய சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு சேம்பரில் வந்து விழுகிறது.

இப்படிச் சூட்டை வாங்கிக்கொண்டே இருந்தால் எண்ணெய் என்ன ஆகும்? இளகும். லாரியில் பொதுவாக ஊற்றும் எஞ்சின் எண்ணெய், 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத்தான் 100 டிகிரியில் கொண்டிருக்கிறது. அந்த அளவு எஞ்சினுக்குப் பொருத்தமானதே. அதற்கும் மேலே சூடு ஏறிக்கொண்டே போனால் படலம் அறுந்து இரும்பு இரும்பைக் கடிக்கும். பேரிங் உருகிப் பிடிக்கும். எஞ்சின் ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பார்களே, அதுதான்.

எண்ணெய் தான் வாங்கிய சூட்டைத் தண்ணீரிடம் ஒப்படைக்கும் இடமே ஆயில் கூலர். பட்டறையில் கழற்றி வைத்திருந்ததை என் கையால் தொட்டுப் பார்த்தேன். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் மெல்லிய உலோகத் தகடுகள். தகடுகளுக்கு உள்ளே எண்ணெய் ஓடும். வெளியே தண்ணீர் ஓடும். இடையில் ஒரு மெல்லிய தகட்டின் தடிமன் மட்டுமே. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. வெப்பம் மட்டும் கைமாறுகிறது. ஒரே அளவு சூடேற, எடைக்கு எடை எண்ணெயைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் ஏற்றுக்கொள்ளும் என்பதால் தண்ணீர் இதற்கு ஏற்ற துணை.

இன்னொரு புதுமையும் உண்டு. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் தண்ணீர்தான் முதலில் சூடேறும். எண்ணெய் பின்தங்கி நிற்கும். அப்போது அதே ஆயில் கூலரில் வெப்பம் தலைகீழாகப் பாய்கிறது. தண்ணீர் தன் சூட்டை எண்ணெய்க்குக் கொடுத்து அதை இளக்குகிறது. பகலில் எண்ணெயின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர், காலையில் அதற்குச் சூடு கொடுத்து எழுப்பிவிடுகிறது!

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று யாரையாவது பற்றிக் குறைகூற நாம் சொல்வதுண்டு. எஞ்சினுக்குள் அவை ஒட்டாமல் இருப்பதே நல்லது. தண்ணீரால் போக முடியாத இடத்துக்கு எண்ணெய் போகிறது. எண்ணெயால் வெளியே கொட்ட முடியாத சூட்டைத் தண்ணீர் வாங்கிக் கொட்டுகிறது. அவரவர் வழியில் அவரவர் ஓடினால்தான் எஞ்சின் பிழைக்கும்.

அன்று நடந்த தவறு

திம்பத்தில் எஞ்சின் நன்றாக ஆறியபின், அப்பா மூடியைச் சிறிது சிறிதாகத் திருகித் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் பேசாமல் போய்ச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். நான் பார்த்தேன். தண்ணீரின் மேல் காபி நிறத்தில் வெண்ணெய்போல் ஏதோ மிதந்தது.

ஆயில் கூலரின் தகடு ஒன்று விரிசல் கண்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட மிகுதி. ஆகவே விரிசல் வழியாக எண்ணெய் தண்ணீருக்குள் புகுந்துவிட்டது. இரண்டும் கடைபட்டுக் கூழாகி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிட்டது. சமவெளியில் அது தெரியவில்லை, மலையில் தெரிந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தியபின் நிலைமை மாறும் என்பதையும் பட்டறையில் சொன்னார்கள். அப்போது எண்ணெயின் அழுத்தம் இறங்கிவிடும். தண்ணீரிலோ மூடி அடக்கிய அழுத்தம் சற்று நேரம் இருக்கும். அதனால் தண்ணீர் எண்ணெய்க்குள் புகக்கூடும். எண்ணெய் அளக்கும் குச்சியில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதுதான் அறிகுறி. அப்படிப்பட்ட எண்ணெய் பேரிங்குகளைக் காக்காது.

இதில் எனக்கு வருத்தம் தந்தது ஒன்று. முந்தின வாரமே தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுப்பதைக் கிளீனர் அண்ணன் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எஞ்சின் எண்ணெயும் வழக்கத்தைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. “இந்த நடை முடியட்டும், பாத்துக்கலாம்” என்றவர் அப்பாதான். கடன் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. கிளீனர் அண்ணனைக் கூப்பிட்டு, “நீ சொன்னப்பவே கேட்டிருக்கோணும்” என்று எங்கள் இருவர் முன்னாலும் சொன்னார். பெரியவர் ஒருவர் தம்மினும் இளையவரிடம் அப்படிச் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை.

மூட்டைகள் வேறு லாரிக்கு மாறின. எங்கள் லாரியைச் சத்தியமங்கலத்துக்கு இழுத்து வந்தார்கள். புது ஆயில் கூலர் போட்டு, ரேடியேட்டரையும் தண்ணீர் வழிகளையும் கழுவி, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. அந்த ஆண்டு என் கட்டணம் தாமதமானதற்குக் காரணம் இதுதான். ஆனாலும் மெக்கானிக் சொன்னார்: “சிவப்புக் கோட்டுக்கு அப்புறமும் ஏத்தியிருந்தீங்கன்னா, ஹெட் வளைஞ்சு எஞ்சினே போயிருக்குமுங்க.” அப்பா அந்த வளைவில் நிறுத்தியதால் எஞ்சினும், அவர் போட்ட சத்தத்தால் ஓர் அண்ணனின் முகமும் தப்பின.

முதல் நெடும் பயணம் செய்தவர் ஒரு பெண்

“பெண் பிள்ளைக்கு எஞ்சின் எதற்கு?” என்று கேட்ட தோழிக்கு இப்போது விடை சொல்கிறேன். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில், மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். மோட்டார் வண்டியில் அத்தனை தொலைவை அதுவரை யாரும் கடந்ததில்லை. உடன் சென்றவர்கள் அவருடைய இரு மகன்கள். மூத்தவனுக்கு என் வயது, 15.

அந்த வண்டியில் இன்றுள்ளதுபோன்ற ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதாலேயே எஞ்சின் சூடு தணிந்தது. ஆகவே வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்றிக்கொண்டே போனார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது பெர்த்தா தம் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். சிறு குழாய்கள் பலவற்றைக் கொண்ட தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கியது அதற்குப் பின், 1900 வாக்கில்தான். அதன்பின் அதே தண்ணீரை மீண்டும் மீண்டும் ஆற்றிப் பயன்படுத்துவது எளிதாயிற்று.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை

வாகனம் வைத்திருக்கும் பெற்றோர்களுக்கும், நாளை வண்டி ஓட்டப்போகும் தோழியருக்கும் பட்டறையில் நான் கேட்டறிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றக்கூடாது. நம் ஊர் உப்புத் தண்ணீர் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதுபோல் எஞ்சினுக்குள்ளும் படியும். அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. கூலன்ட் என்னும் திரவத்தைத் தூய நீரோடு சொன்ன அளவில் கலந்தே ஊற்ற வேண்டும். அது கொதிநிலையை உயர்த்துவதோடு துருப்பிடிப்பதையும் தடுக்கிறது.

கூலன்டில் பொதுவாக உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. அது இனிக்கும் என்பதால் ஆபத்து மிகுதி. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்தல் கூடாது. குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

வெப்ப முள் ஏறினால் பாரத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். தண்ணீர் ஒழுகாமல், எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்தால் சில நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்தலாம். உள்ளே ஓடும் தண்ணீர் மிகுந்த சூட்டை வெளியேற்றும். தண்ணீர் கொட்டிவிட்டாலோ எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். எஞ்சின் முழுதும் ஆறும்வரை மூடியைத் தொடாதிருப்பதே எல்லாவற்றிலும் முக்கியம்.

இப்போது அப்பா ஒவ்வொரு நடைக்கும் புறப்படும் முன், விடுமுறையில் நான் வீட்டில் இருந்தால், “கண்ணு, பாத்துட்டியா?” என்று கேட்பார். குளிர்ந்திருக்கும் எஞ்சினில் எண்ணெய்க் குச்சியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பார்ப்பேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் மேல் மினுமினுப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பேன். இரண்டு நிமிட வேலைதான். “நல்லா இருக்குதுங்கப்பா” என்று நான் சொன்ன பிறகுதான் லாரி வாசலை விட்டு நகரும்.